மடங்காத பின் சீட்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

கொங்கு வட்டாரத்தில் காரின் பின் சீட்டை மடிப்பது பெரும்பாலும் சுமை ஏற்றுவதற்காகத்தான். பொள்ளாச்சியில் தேங்காய், ஈரோட்டில் மஞ்சள், திருப்பூரில் பனியன் கட்டு, பல்லடத்தில் கோழித் தீவனம், கல்யாண மாதங்களில் சீர்ப் பாத்திரம் என்று எதையாவது ஏற்றுவதற்காகச் சாய்மானத்தை முன்னால் சாய்க்கிறோம். சுமையை இறக்கிய பிறகு நாரும் தூசியும் பஞ்சும் சீட்டின் இடுக்குகளிலேயே தங்கிவிடுகின்றன. ஒருநாள் சீட் மடங்க மறுக்கிறது, அல்லது மடங்கிய சீட் எழ மறுக்கிறது. இப்படிப் பட்டறைக்கு வரும் பல வண்டிகளில் முதலில் உடைந்த பாகம் என்று எதுவும் இருந்திருக்காது. மடங்காத சீட்டை ஆத்திரப்பட்டு இழுத்ததால் உடைந்த லீவர்தான் மிச்சமாக இருக்கும். ஆகவே கீழே சொல்லப்படும் எந்த வேலையிலும் பலத்தைக் காட்டுவது கடைசி வழியாகக்கூட ஆகாது.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான ஹேட்ச்பேக், எஸ்.யு.வி. வண்டிகளில் சாய்மானத்தின் மேல் ஓரத்தில், கதவுப் பக்கமாக, ஒரு லாக் உள்ளே பொதிந்திருக்கும். அதற்கு நேராக வண்டியின் உடலில் ‘ப’ வடிவக் கம்பி ஒன்றோ, தடித்த ஒற்றைக் கம்பி ஒன்றோ போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். சாய்மானத்தைப் பின்னால் தள்ளும்போது லாக்கின் கொக்கி அந்தக் கம்பியைச் சுற்றித் திரும்பிக் கவ்விக்கொள்கிறது. திரும்பிய கொக்கி மீண்டும் விலகாதபடி ஒரு சிறிய நாக்கு அதன் பல்லில் விழுந்து தடுக்கிறது. மேலே உள்ள பொத்தானோ, லீவரோ, துணிப்பட்டையோ, டிக்கிக்குள் இருக்கும் கைப்பிடியோ செய்யும் ஒரே வேலை அந்த நாக்கை விலக்குவதுதான். இந்த இழுப்பு ஒரு நேர்க்கம்பி மூலமாகவோ, கேபிள் மூலமாகவோ நாக்குக்குப் போய்ச் சேரலாம். காரின் கதவு லாக்கும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது என்பதால், கதவு லாக்கைக் கழற்றிப் பார்த்தவருக்கு இது புதிதாக இருக்காது. 60:40 என்று பிரியும் சீட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி லாக் உண்டு. ஒரே துண்டாக மடியும் பழைய சீட்டுகளில் இரண்டு ஓரத்திலும் லாக் இருந்து, சிலவற்றில் ஒரே லீவர் இரண்டையும் சேர்த்து இழுக்கும்.

தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை: ஒரு நல்ல டார்ச், நீளமான தட்டைத் திருப்புளி, நோஸ் பிளையர், 10, 12, 14 மி.மீ. ஸ்பேனர், நட்சத்திரத் தலை போல்ட்டுக்கான பிட் தொகுதி, கிளிப் நெம்புவதற்கு ஒரு பிளாஸ்டிக் நெம்புகோல், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், வெள்ளை லித்தியம் கிரீஸ். வண்டியை நிழலில் நிறுத்தி, டிக்கியில் உள்ளதை முழுவதும் இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

லீவர் அசையவே மாட்டேன் என்கிறது, அல்லது பாதி வந்து நிற்கிறது

இதற்கு முதற்காரணம் சுமைதான். டிக்கியில் அடைத்த மூட்டையோ, சாய்மானத்தின் பின்புறம் முட்டிக்கொண்டிருக்கும் பெட்டியோ சாய்மானத்தை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தால், கொக்கி கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த இறுக்கம் முழுவதும் நாக்கின் முனையில் விழுவதால் நாக்கு தன் பல்லிலிருந்து நகர முடியாமல் போகிறது. இந்த நிலையில் லீவரை எவ்வளவு இழுத்தாலும் முதலில் முறிவது அதன் பிளாஸ்டிக்தான். “ஏனுங்க, லேசாத்தான் இழுத்தேன், லீவரு கையோட வந்துருச்சுங்க” என்று குஷன் கடைக்கு வந்து நிற்பவர்கள் பலரும் இந்தக் கட்டத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

செய்ய வேண்டியது இதற்கு நேரெதிரானது. ஒருவர் பின் சீட்டில் முழங்காலிட்டு, லாக் இருக்கும் மேல் ஓரத்தில் தோளை வைத்து, சாய்மானத்தைப் பின்னோக்கி, அதாவது டிக்கியின் பக்கமாக, நன்றாக அழுத்த வேண்டும். அழுத்திக்கொண்டே மற்றவர் லீவரை மெதுவாக இழுக்க வேண்டும். அழுத்தம் நாக்கின் மேலுள்ள இறுக்கத்தை எடுத்துவிடுவதால், சரியான கணத்தில் லீவர் சட்டென்று இலகுவாகும். சாய்மானத்தின் நடுவில் அழுத்துவதால் பயனில்லை. லாக் இருக்கும் ஓரத்தில்தான் அழுத்த வேண்டும். ஒருவரே செய்ய நேர்ந்தால், லீவரை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் அடிப்பகுதியால் அந்த ஓரத்தைப் பின்னோக்கி நாலைந்து முறை தட்டலாம்.

இதிலும் வரவில்லையென்றால் சீட் கவரைப் பாருங்கள். வாங்கிய பிறகு கடையில் தைத்துப் போடும் லெதரெட் கவரின் எலாஸ்டிக்கும், அதை இழுத்துக் கட்டும் கொக்கியும் நாடாவும் லாக்கின் வாய்க்குள்ளோ லீவரின் அடியிலோ நுழைந்து சிக்கிக்கொள்வது மிகச் சாதாரணம். வெளியிலிருந்து கவர் அழகாகத்தான் தெரியும். லீவரின் சட்டத்தைச் சுற்றி விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். துணி மடிந்து தட்டுப்பட்டால் அதை நோஸ் பிளையரால் இழுத்து வெளியே எடுங்கள், தேவைப்பட்டால் அந்த இடத்தில் கவரை வெட்டிவிடுங்கள். கவருக்காக லாக்கைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை.

முன்சீட் பின்னால் தள்ளப்பட்டிருந்தால் பின் சீட்டின் தலைச்சாய்வு அதில் முட்டி, லாக் விட்டும் சீட் விடாதது போலத் தோன்றும். முன்சீட்டை நகர்த்தி, தலைச்சாய்வைக் கீழே இறக்கி, மீண்டும் முயலுங்கள்.

லீவர் தளர்வாக ஆடுகிறது, இழுத்தாலும் எதுவும் நடக்கவில்லை

லீவரில் கனமே தெரியவில்லையென்றால், லீவருக்கும் நாக்குக்கும் இடையில் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். கேபிளின் முனையில் உள்ள நிப்பிள், அதாவது கம்பி நழுவாமல் பிடிக்கும் சிறு உலோகக் குமிழ், தன் குழியிலிருந்து கழன்றிருக்கலாம், கேபிளின் வெளி உறையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிடிப்பு உடைந்து, உள்கம்பிக்குப் பதில் உறையே நகரலாம், கம்பி அறுந்திருக்கலாம். தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியானால் எலியையும் சந்தேகிக்க வேண்டும். சீட்டின் நுரையில் கூடு கட்டும் எலி, கேபிளின் பிளாஸ்டிக் உறையையும் கடித்துவிடும். உள்ளே நுழைந்த ஈரத்தில் கம்பி துருப்பிடித்து உறைக்குள்ளேயே இறுகிப்போகும்.

பூட்டிய நிலையில் உள்ள சீட்டை லீவர் இல்லாமல் விடுவிக்க இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, டிக்கியிலிருந்து லாக்கை அடைவது. சாய்மானத்தின் பின்புறம் போர்த்தியிருக்கும் கம்பளம் பிளாஸ்டிக் கிளிப்புகளாலோ பசையாலோ பிடித்திருக்கும். லாக் இருக்கும் மேல் மூலையில் மட்டும் கிளிப்புகளை நெம்பி எடுத்து, கம்பளத்தை மடித்து விலக்கினால், அங்கே பல வண்டிகளில் தகட்டில் ஒரு ஜன்னல் விட்டிருப்பதைக் காணலாம். டார்ச் வெளிச்சத்தில் கேபிள் வந்து சேரும் சிறிய நெம்புகரத்தைக் கண்டுபிடித்து, கேபிள் இழுக்கும் அதே திசையில் நீளமான திருப்புளியால் அதைத் தள்ளுங்கள். தள்ளும்போது இன்னொருவர் முன்னே சொன்னபடி சாய்மானத்தைப் பின்னோக்கி அழுத்த வேண்டும். எந்தத் திசை என்று குழப்பம் வந்தால், மறுபக்கத்து லாக் ஆரோக்கியமாக இருக்குமானால் அதைத் திறந்து, லீவரை இழுக்கும்போது எது எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு லாக்கும் பொதுவாக ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாகவே இருக்கும்.

இரண்டாவது வழி, லாக்கை விட்டுவிட்டு அது கவ்வியிருக்கும் கம்பியைக் கழற்றுவது. பல வண்டிகளில் அந்தக் கம்பியின் போல்ட்டுகள் டிக்கியின் பக்கவாட்டு பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் இருக்கும். பேனலைப் பாதி அளவு விலக்கினாலே ஸ்பேனர் அல்லது நட்சத்திர பிட் எட்டும். போல்ட்டைத் தொடுவதற்கு முன் கம்பியின் அடித்தகட்டைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். அந்தத் தகட்டின் துளைகள் சிறிது நீளமாக விடப்பட்டிருக்கும். ஓரிரு மில்லிமீட்டர் மாறி உட்கார்ந்தாலும் பின்னர் சீட் பூட்டாது அல்லது சலசலக்கும். போல்ட்டுகள் கழன்றதும் கம்பியைக் கவ்வியபடியே சாய்மானம் முன்னால் வந்துவிடும். பிறகு மேசைமேல் வைத்தது போல நிதானமாக லாக்கைப் பிரிக்கலாம். என் கணிப்பில், திருப்புளியால் நெடுநேரம் குருட்டுத்தனமாகத் துழாவுவதைவிட இந்த இரண்டாவது வழியே பாதுகாப்பானது; முதல் முயற்சியில் நாக்கு சிக்கவில்லையென்றால் தயங்காமல் இதற்கு வந்துவிடுங்கள்.

அறுந்த கேபிளுக்கு மாற்றாக அந்த வண்டிக்கான கேபிளை உதிரிப்பாகக் கடையில் கேட்பதே முறை. அது தனியாகக் கிடைக்காமல் முழு சீட் சட்டத்தோடு மட்டுமே விற்கப்பட்டால், சைக்கிள் பிரேக் கேபிளின் உள்கம்பி உதவும். அதன் தடிமன் சுமார் 1.5 மி.மீ. கியர் கேபிளின் கம்பி 1.2 மி.மீ. அளவில் இன்னும் மெல்லியது. பழைய கம்பியின் தடிமனைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முனைக்கு ஸ்க்ரூ நிப்பிள் போடலாம், அல்லது ஈயம் காய்ச்சி நிப்பிள் ஊற்றித் தரும் கேபிள் கடைக்காரரிடம் பழைய கேபிளையே மாதிரியாகக் கொடுக்கலாம். கோவையிலும் ஈரோட்டிலும் பம்புக்கும் தறிக்கும் சின்னச் சின்ன உதிரிகளைக் கடைந்து கொடுத்துப் பழகிய லேத் பட்டறைகளுக்கு, உடைந்த பிளாஸ்டிக் பிடிப்புக்குப் பதிலாக ஒரு அலுமினியப் பிடிப்பைச் செய்துதருவது பெரிய வேலையல்ல. ஆனால் இந்தத் தாராளம் லீவருக்கும் கேபிளுக்கும் மட்டுமே உரியது. கொக்கி, நாக்கு, ‘ப’ கம்பி, கீல் ஆகியவற்றில் வெல்டிங்கோ கடைசலோ கூடவே கூடாது. அவை பழுதானால் புதியவைதான் போட வேண்டும்.

ஒரு பக்கம் விடுகிறது, மறுபக்கம் விடவில்லை

ஒரே லீவர் இரண்டு லாக்குகளை இழுக்கும் சீட்டில் இது நடக்கும். நீண்ட கேபிள் நாளடைவில் தளர்ந்து, லீவர் முழுதாக வந்தபின்னும் தூரத்து நாக்கை முழுதாக விலக்காமல் நிற்கிறது. உடனடியாக மடிக்க வேண்டுமானால், விடுபட்ட பக்கத்தில் மடித்த துணியை லாக்குக்கும் கம்பிக்கும் இடையில் சொருகி அது மறுபடி பூட்டாமல் தடுத்துவிட்டு, மறுபக்கத்தைப் பின்னோக்கி அழுத்தியபடி லீவரை மீண்டும் இழுங்கள். நிரந்தரத் தீர்வு கேபிளின் நீளத்தைச் சரிசெய்வதுதான். முனையில் அட்ஜஸ்டர் நட் இருந்தால் அதைத் திருகி, லீவரின் தளர்வு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் வரும்படி வையுங்கள். முழுவதும் இறுக்கிவிடாதீர்கள், நாக்கு தன் பல்லில் முழுதாக விழாமல் போகும்.

பாதி மடிந்து நிற்கிறது

லாக் விட்டுவிட்டது, ஆகவே சிக்கல் கீழே, கீலில். சாய்மானத்துக்கும் அடிமெத்தைக்கும் இடையிலுள்ள பிளவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா, நாணயம், குழந்தையின் விளையாட்டுச் சாமான், பெல்ட்டின் பக்கிள் என்று எதுவாகவும் இருக்கலாம். நடு பெல்ட்டின் பக்கிள் கீலுக்குள் குறுக்காகப் படுத்துக்கொள்வது அடிக்கடி காணப்படுவது. சில வண்டிகளில் அடிமெத்தையை முதலில் முன்னால் தூக்கி நிறுத்திய பிறகே சாய்மானம் முழுதாக மடியும். இதைத் தெரியாமல் பழுது என்று நினைப்பவர்களும் உண்டு.

மடிந்த சீட் எழவில்லை

மடிந்த நிலையிலும் பூட்டிக்கொள்ளும் சீட்டுகளில், குறிப்பாக மூன்றாம் வரிசையிலும் முன்னால் கவிழ்ந்து மடியும் நடு வரிசையிலும், தரையில் இன்னொரு லாக் இருக்கும். அதன் வாய் மேல்நோக்கித் திறந்திருப்பதால், ஏற்றிய பொருளிலிருந்து உதிர்ந்தவை எல்லாம் நேரே அதில்தான் விழும். பொள்ளாச்சிப் பக்கத்து வண்டிகளில் தேங்காய் நாரும் மஞ்சித்தூளும் (நார்த்தூளும்), திருப்பூர் வண்டிகளில் நூல் பிசிறும் பஞ்சும் அதில் திணிந்து, கிரீஸோடு கலந்து கட்டியாகிக் கிடக்கும். முதலில் வேக்குவம் போட்டு உறிஞ்சுங்கள். காற்றழுத்தக் குழாயால் ஊதினால் தூசி இன்னும் ஆழமாகப் போகும். பிறகு நோஸ் பிளையரால் இழைகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுங்கள். நூல் கொக்கியின் அச்சைச் சுற்றியிருந்தால் வெட்டி எடுங்கள்.

இதற்கும் சீட்டின் மேல் அழுத்தம் கொடுப்பதே சாவி. மடிந்த சாய்மானத்தின் மேல் உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே பட்டையை இழுங்கள்.

உர மூட்டை ஏற்றிய வண்டி என்றால் கதை வேறு. பொட்டாஷ் உரம் அடிப்படையில் ஒரு குளோரைடு உப்பு. யூரியா காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சாக்கின் தையலில் கசிந்த ஒரு பிடி உரம் கீலிலும் லாக்கிலும் தங்கி மழைக்கால ஈரத்தோடு சேர்ந்தால், சில மாதங்களில் கொக்கியை அசையவிடாத அளவுக்குத் துரு ஏறிவிடும். அங்கே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் வெந்நீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, நன்றாக உலர்த்திய பிறகே கிரீஸ் இட வேண்டும். உப்பைத் துடைக்காமல் அதன்மேல் கிரீஸ் பூசினால் துரு உள்ளேயே வளரும். பால் கேன் சாய்ந்து கொட்டிய இடத்துக்கும் இதே வைத்தியம்தான்.

எழுகிறது, ஆனால் பூட்டவில்லை

பூட்டாத சீட்டைக் காட்டப் பல வண்டிகளில் லீவரின் அருகே ஒரு சிவப்பு அடையாளம் தெரியும்; அது மறையாமல் நின்றால் லாக் விழவில்லை என்று பொருள். முதலில் பார்க்க வேண்டியது, ஓரத்து சீட் பெல்ட் லாக்குக்கும் கம்பிக்கும் இடையில் மாட்டியிருக்கிறதா என்பது. மாட்டியிருந்தால் பெல்ட்டை எடுத்து, அதன் விளிம்பு நசுங்கியோ இழை அறுந்தோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அறுந்திருந்தால் பெல்ட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பெல்ட் தெளிவாக இருந்தும் பூட்டவில்லையென்றால், சாய்மானத்தை முன்னால் சாய்த்து லாக்கின் வாயை நேராகப் பாருங்கள். கொக்கியின் வாய் திறந்திருக்க வேண்டும். சீட் மடிந்திருந்தபோது ஏதாவது ஒரு பொருள் கொக்கியில் பட்டு, கம்பி இல்லாமலேயே அது திரும்பி மூடிக்கொண்டிருந்தால், எழுப்பும்போது மூடிய கொக்கி கம்பியில் மோதித் திரும்பி வரும். எத்தனை முறை அறைந்தாலும் பூட்டாது. லீவரை ஒருமுறை முழுதாக இழுத்தால் ஸ்பிரிங் கொக்கியைத் திறந்துவிடும். திறக்கவில்லையென்றால் திருப்புளியை வாயில் வைத்து, லீவரை இழுத்தபடி மெல்லத் திருப்பிவிடுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாததால் புது லாக் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

வாய் திறந்தும் கொக்கி சோம்பலாகத் திரும்பினால் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றினால் லாக் தனியாக வந்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, துணியில் துடைத்து, முழுதாக உலர்ந்த பிறகு அச்சிலும் நாக்கின் முனையிலும் மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸைச் சிறிது இடுங்கள். இன்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் புழுதி கிளப்பும் மாதங்களில் அந்த ஆயில் தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும். டபிள்யூ.டி.-40 துருவைத் தளர்த்தவும் ஈரத்தை விரட்டவும் நல்லது, ஆனால் மெல்லிய அந்தத் திரவம் கிரீஸின் வேலையைச் செய்யாது. எதை அடித்தாலும் அருகிலுள்ள பெல்ட்டைப் பழைய துணியால் மூடிவிடுங்கள்.

லாக் சரியாக இருந்தும் கம்பிக்கு நேராக வந்து சேராவிட்டால், கீலோ சட்டமோ வளைந்திருக்கிறது. மடித்த சாய்மானத்தின்மேல் மோட்டாரையோ சிமெண்ட் மூட்டையையோ ஏற்றிய வண்டிகளில் இதைக் காணலாம். கம்பியின் போல்ட்டைத் தளர்த்தி ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்துவது வரைக்கும்தான் வீட்டு வேலை. அதற்குமேல் சுத்தியலைக் கையில் எடுக்காமல் சட்டத்தை மாற்றிவிடுங்கள்.

பூட்டாத சாய்மானத்தைக் கட்டுக்கம்பியாலோ கயிற்றாலோ கட்டி ஓட்டும் பழக்கம் இங்கே பரவலாக இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஐ.நா.வின் 17ஆம் எண் வாகன ஒழுங்குவிதியின்படி சாய்மானத்தைச் சோதிக்கும்போது, தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகளை டிக்கியில் வைத்து, மணிக்கு 50 கி.மீ. வேகத்துக்கு இணையான மோதலை உண்டாக்கி, சாய்மானமும் லாக்கும் அவற்றைத் தடுத்து நிறுத்துகின்றனவா என்று பார்க்கிறார்கள். அந்த இரண்டு பெட்டிகளும் சேர்ந்து 36 கிலோ. அவ்வளவையும் தாங்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி நிற்காது. லாக் சரியாகும்வரை அந்தப் பக்கத்தில் யாரையும் உட்கார வைக்காமல், டிக்கியையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டுகிறது, ஆனால் ஓட்டும்போது சலசலக்கிறது

கம்பியின்மேல் உள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறை தேய்ந்திருக்கும். புது உறை போடுங்கள். கிடைக்கும்வரை துணி டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றலாம். இரண்டு மூன்று சுற்று சுற்றினால் கொக்கி முழுதாகத் திரும்பாமல் பாதியில் நின்றுவிடும்.

வேலை முடிந்ததும் செய்ய வேண்டிய சோதனை

கழற்றிய போல்ட்டுகளை வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். பெல்ட்டின் போல்ட்டைக் கழற்றியிருந்தால் இதில் சமரசமே கூடாது. சாய்மானத்தை எழுப்பிப் பூட்டி, சிவப்பு அடையாளம் மறைந்ததைப் பார்த்து, மேல் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் பலமாக இழுத்துப் பாருங்கள். மூன்று பக்கிள்களும் மெத்தைக்கு மேலே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்; பின் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் ரூ.1,000 அபராதம் உண்டு, பக்கிள் மெத்தைக்கு அடியில் புதைந்துவிட்டது என்ற காரணம் அங்கே எடுபடாது. கேபிள் மாற்றியிருந்தால், புதுக் கம்பி முதல் சில வாரங்களில் உறைக்குள் படிந்து சற்றுத் தளரும். லீவரின் தளர்வு கூடியதாகத் தெரிந்தால் அட்ஜஸ்டர் நட்டை அரைச் சுற்று திருகி, அதை நகராமல் பிடிக்கும் லாக் நட்டை மீண்டும் இறுக்கிவிடுங்கள்.